பாலம் கட்டினோம், மனுவை முடிக்க விடவில்லை

எங்களுக்குத் தெரிந்த வேலை மனு எழுதுவது, தெருத்தெருவாகப் போய்க் கூட்டம் போடுவது, வன்கொடுமை நடந்த இடத்தில் உண்மையறிந்து அறிக்கை தயாரிப்பது, பாதிக்கப்பட்டவர்களோடு காவல் நிலையத்திலும் நீதிமன்ற வராந்தாவிலும் காத்திருப்பது. எங்கள் குழுவில் இருப்பவர்கள் சமூகவியலும் சமூகப்பணியும் சட்டமும் படித்தவர்கள். உளி பிடிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் 2023 மார்ச் மாதத்தில், திருவாரூர் மாவட்டக் கடைமடையில் ஒரு வாய்க்காலுக்குக் குறுக்கே, அங்குள்ள தெருமக்களோடு சேர்ந்து ஒரு மரப்பாலம் கட்டினோம்.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பயிற்சி முகாம்களில் இளம் தோழர்கள் இரண்டு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். 'அரசு எப்போது செய்யும் என்று காத்திருக்காமல் நாமே செய்துகொண்டால் என்ன?' என்பது ஒன்று. 'அரசு செய்ய வேண்டியதை நாம் செய்தால் அரசைத் தப்பிக்க விடுவதாகாதா?' என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். அந்த வாய்க்கால் கரையில் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறோம். வாய்க்காலுக்குத் தென்கரையில் ஆதிதிராவிடர் தெரு, 62 வீடுகள். வடகரையில் வயல், அதைத் தாண்டி இடுகாடு, அதற்கும் அப்பால் பேருந்து போகும் தார்ச்சாலை. வாய்க்காலைக் கடக்க அரசு கட்டிய கான்கிரீட் பாலம் ஒன்று உண்டு. அது கிழக்கே ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, குடியானத் தெருவின் முகப்பில் இருக்கிறது. அந்த வழியாகப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகலாம், வேலைக்குப் போகிறவர்கள் போகலாம். பிணம் மட்டும் போகக் கூடாது. அப்படி எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆனால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை வாய்க்கால் காய்ந்து கிடக்கும். அப்போது யாருக்கும் சிரமமில்லை, இறங்கி ஏறிவிடலாம். மேட்டூரில் தண்ணீர் திறந்து அது கடைமடைக்கு வந்து சேர்ந்த பிறகு, மழைக்காலம் முடிகிறவரை, வாய்க்காலில் தண்ணீர் நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் மார்பளவு. அந்த மாதங்களில் சாவு விழுந்தால் ஆறு பேர் தண்ணீரில் இறங்கிப் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கரை ஏற வேண்டும். 2022 நவம்பரில் ஒரு மூதாட்டியை அப்படித்தான் கொண்டுபோனார்கள். நடு வாய்க்காலில் ஒருவருக்குச் சேற்றில் கால் புதைந்து பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. மற்றவர்கள் தாங்கிக்கொண்டார்கள். கரையில் நின்ற பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுக் கத்தினார்கள். அதைப் படம் எடுத்தவர்கள் இருந்தார்கள். குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் அந்தப் படத்தை நாங்கள் எங்கும் பதிவிடவில்லை. மனுவோடு மட்டும் இணைத்தோம்.

அந்த மனு முதல் மனு அல்ல. நாங்கள் அந்தத் தெருவுக்குப் போவதற்கு முன்பே மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுக்களின் ரசீதுகள் ஒரு மஞ்சள் பையில் இருந்தன. கிராம சபைத் தீர்மான நகல் இரண்டு இருந்தது. வந்த பதில்களும் பத்திரமாக இருந்தன. எல்லாவற்றின் சாரமும் ஒன்றுதான்: நிதி வந்ததும் பரிசீலிக்கப்படும்.

சமூகவியல் வகுப்பில் தஞ்சை வட்டாரத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். கேத்லீன் காஃப் 1950களின் தொடக்கத்தில் இங்கே களப்பணி செய்தார். ஆந்த்ரே பெத்தெய் 1960களின் தொடக்கத்தில் வந்து அக்ரகாரத்தில் ஒரு வீட்டில் தங்கி ஆய்வு செய்தார். அங்கே தங்கியதாலேயே சேரிக்குள் இயல்பாகப் போய்வர முடியவில்லை என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். அக்ரகாரம், குடியானத் தெரு, சேரி என்ற மூன்று அடுக்கைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். ஆனால் அந்த அடுக்கு தரையில் எப்படி நிற்கிறது என்பதை வாய்க்கால்தான் காட்டியது. காவிரிப் படுகையில் மதகு திறந்து மூடி, மடை பார்த்து, ஊரின் ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் கட்டுகிற நீர்க்கட்டி வேலையைப் பரம்பரையாகச் செய்துவந்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள். வாய்க்காலைத் தூர்வாரியதும் கரையை உயர்த்தியதும் இந்தக் கைகள்தாம். அந்தத் தண்ணீர் எந்த நாளில் எந்த வயலுக்குப் போக வேண்டும் என்று தெரிந்தவர்களின் பிணத்துக்கு அந்தத் தண்ணீரைத் தாண்ட வழியில்லை.

பாலம் கட்டலாமா என்ற பேச்சு 2023 ஜனவரியில் மாரியம்மன் கோயில் திண்ணையில் நடந்தது. எங்கள் குழுவிலேயே கருத்து ஒன்றாக இல்லை. 'நாமே கட்டிவிட்டால் இத்தனை வருட மனுவும் வீணாகிவிடும். அடுத்த மழைக்கு முன்னால் உண்ணாவிரதம் உட்காரலாம்' என்றார் வழக்கறிஞர் தோழர். தெருவின் இளைஞர்களில் சிலரும் அதையே சொன்னார்கள். அப்போது, வடகரையில் 30 சென்ட் பட்டா நிலம் வைத்திருக்கும் அக்கா ஒருவர் பேசினார். "நீங்க உக்காருங்க தம்பி, வேணாங்கல. நீங்க எந்திரிக்கறதுக்குள்ள இங்க யாரும் சாவக் கூடாதுன்னு எமனுக்கும் ஒரு மனு எழுதிக் குடுத்துருங்க." எல்லோரும் சிரித்தோம். பாலம் என்று முடிவானது. போராட்டமும் தொடரும் என்றும் முடிவானது.

அந்த அக்காவின் நிலம்தான் பாலத்தையே சாத்தியமாக்கியது. வாய்க்காலும் அதன் இரு கரைகளும் புறம்போக்கு. வடகரையில் இறங்கியதும் வருவது தனியார் வயல்கள். இடுகாட்டுக்குப் போகும் புறம்போக்குப் பாதை வரை போக இன்னும் 120 அடி வேண்டும். பக்கத்து வயல்காரருக்கு அந்தப் பகுதியில் ஏக்கர் கணக்கில் நிலம் இருக்கிறது. வரப்பை ஓர் அடி அகலப்படுத்திக்கொள்ளக் கேட்டதற்கு அவர் முடியாது என்றார். அக்கா தன் 30 சென்ட்டின் ஓரமாக 5 அடி அகலம், 120 அடி நீளம் விட்டுக்கொடுத்தார். கணக்குப் போட்டால் 600 சதுர அடி, ஏறத்தாழ 1.4 சென்ட். அந்தப் பகுதியில் தலித் பெண் ஒருவர் பெயரில் பட்டா இருப்பதே அபூர்வம். அதிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியது அவராகவே இருந்தது என்பதை இளம் தோழர்கள் கவனிக்க வேண்டும். 'தியாகம்' என்று சொல்லி நாங்கள் அதைக் கொண்டாடவில்லை. அவரும் அதை விரும்பவில்லை. முத்திரைத்தாளில் எழுதிவிட வேண்டும், பாதை எல்லோருக்கும் பொது, தன் பிள்ளைகள் பின்னால் மறிக்கக் கூடாது, நிரந்தரப் பாதை கிடைத்தால் நிலம் மீண்டும் வயலாக வேண்டும் என்று அவரே நிபந்தனைகளைச் சொன்னார். அப்படியே எழுதினோம்.

அடுத்த கேள்வி பாலத்தின் அகலம். நடந்து போக இரண்டு அடி போதும். கிராமங்களில் தென்னை மரத்தை அப்படியே சாய்த்துப் போட்டு நடக்கிற பாலங்கள் ஏராளம். இந்த வாய்க்காலிலும் முன்பு ஒன்று இருந்திருக்கிறது. ஆனால் திண்ணையில் இருந்த பெரியப்பா ஒருவர் எழுந்து, நான்கு இளைஞர்களை இரண்டிரண்டு பேராக நிற்கவைத்து, நடுவில் ஒரு கழியைக் கொடுத்துத் தோளில் வைக்கச் சொன்னார். 'இந்த அகலம் வேணும்' என்றார். அளந்தோம். 4 அடி 8 அங்குலம். பிரசவத்துக்குப் போகிற பெண்ணை இரண்டு பக்கமும் தாங்கி அழைத்துப்போகவும் அந்த அகலம் சரியாக இருக்கும் என்றார்கள் பெண்கள். 5 அடி என்று வைத்துக்கொண்டோம்.

இனி வேலையைப் பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். இதே போன்ற வாய்க்கால் உங்கள் பகுதியிலும் இருக்கலாம்.

வாய்க்கால் மேல்பக்கத்தில் 18 அடி அகலம். உத்திரத்துக்கு 22 அடி நீளத்தில் மூன்று பனந்துண்டுகள் எடுத்தோம். இரு கரையிலும் இரண்டிரண்டு அடி உட்கார வேண்டும் என்பதற்காக இந்த நீளம். உயிருள்ள பனையை வெட்டவில்லை. 2021 முதல் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் வெட்டியிருக்க மாட்டோம். காற்றில் சாய்ந்து கிடந்த பழைய மரங்கள் தெருவிலேயே இரண்டு கிடைத்தன. மூன்றாவதைப் பக்கத்துக் கிராமத்தில் வாங்கினோம். தென்னை வேண்டாம் என்று தச்சு வேலை தெரிந்த அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார். கஜா புயலில் விழுந்த தென்னைகளை வைத்துப் போட்ட சின்னப் பாலங்கள் சில வருடத்திலேயே உளுத்துப்போனதை அவர் பார்த்திருக்கிறார். வயதான பனையில் வெளிப்பக்கம் வைரம் பாய்ந்திருக்கும், உள்ளே சோறுதான். அதனால் உத்திரத்துக்குப் பிளக்காமல் முழுதாகவே போட வேண்டும், போல்ட்டுக்கு முன்கூட்டியே துளை போட வேண்டும், ஆணியை நேராக அடித்தால் வளைந்துவிடும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். பனைக்கு அடி பருத்தும் நுனி சிறுத்தும் இருக்கும். மூன்றையும் ஒரே பக்கமாக வைத்தால் ஒரு கரை பலமாகவும் மறு கரை பலவீனமாகவும் ஆகிவிடும். அதனால் அடியும் நுனியும் மாற்றி மாற்றி வைத்தோம்.

நடுவில் தூண் வைக்கவில்லை. வைத்தால் பாலம் இன்னும் பலமாக இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றியது. தெருக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை கூட்டமாக மிதந்து வரும். தூணில் சிக்கினால் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு கரையை உடைக்கும், பழி தெருமேல் விழும். 2020 டிசம்பரில் புரெவி புயல் மழையின்போது தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதைக் கரையோர வேப்பமரத்தில் காட்டினார்கள். அந்த அடையாளத்துக்கு ஒன்றரை அடி மேலே உத்திரத்தின் அடிப்பாகம் இருக்கும்படி கரையைக் கருங்கல் அடுக்கி உயர்த்தினோம். ஈரமண்ணில் பட்டால் மரத்தைக் கரையான் விடாது. அதனால் துண்டுகளின் முனைகளுக்குத் தார் பூசி, கல்லின் மேல் உட்காரவைத்தோம்.

மேல்தளத்துக்கு, ஓட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வருகிற பழைய பனஞ்சட்டங்களை மரக்கடையிலிருந்து வாங்கினோம். சட்டத்துக்குச் சட்டம் அரை விரல் இடைவெளி விட்டு அடித்தோம். மழைத் தண்ணீர் தேங்காமல் இறங்கிவிட வேண்டும். கைப்பிடிக்குச் சவுக்குக் கழி. ஒரு பனந்துண்டைக் கரைக்கு நகர்த்த 14 பேர் வேண்டியிருந்தது. இயந்திரம் எதுவும் வைக்கவில்லை, கயிறும் உருளைக் கட்டையும்தான். 9 நாள் வேலை. மொத்தச் செலவு 32,000 ரூபாய். வீட்டுக்கு 200 வீதம் 62 வீட்டிலும் கொடுத்தார்கள், 12,400 ரூபாய். மீதி 19,600 ரூபாயை நண்பர்களிடம் வாங்கினோம். வரவு செலவை எழுதி மாரியம்மன் கோயில் சுவரில் ஒட்டினோம்.

யாரையும் நடக்கவிடுவதற்கு முன் 50 கிலோ மணல் மூட்டைகள் 30-ஐப் பாலத்தின் நடுவில் அடுக்கினோம். இரு கரைக்கும் இழுத்துக் கட்டிய நூலை வைத்துப் பார்த்ததில் கால் அங்குலம் தொய்ந்திருந்தது. ஓர் இரவு அப்படியே விட்டோம். காலையில் மூட்டைகளை இறக்கியதும் பழைய நிலைக்கு வந்தது. அதன் பிறகுதான் பிள்ளைகளை ஏறவிட்டோம்.

பாலம் முடிந்த வாரத்தில் ஒரு விவாதம் வந்தது. இளைஞர்கள் சிலர் தென்கரையில் ஒரு கதவு வைக்க வேண்டும் என்றார்கள். 'அவங்க பாலத்துல நம்ம பொணத்த விடல. நம்ம பாலத்துல அவங்க ஏன் வரணும்?' அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அவர்களைத் திட்டவில்லை. நிலம் கொடுத்த அக்கா, முத்திரைத்தாளில் தான் எழுதச் சொன்னதை நினைவுபடுத்தினார். "பொதுன்னு எழுதியிருக்கு. ஒருத்தரை மறிச்சா அப்பறம் அது பொதுவா?" கதவு வைக்கவில்லை. இரண்டு மாதத்தில் குடியானத் தெருவின் கூலிக்காரப் பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போகக் குறுக்கு வழி என்று இந்தப் பாலத்தில் வர ஆரம்பித்தார்கள். நாங்கள் அதைச் 'சாதி ஒழிந்தது' என்று எழுத மாட்டோம். அவர்கள் பாலத்தில் வருகிறார்கள், தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. இருப்பதை இருப்பதாகவே சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு ஒரு பெண்ணை வலியோடு பாலத்தைக் கடத்தி, தார்ச்சாலையில் காத்திருந்த 108 வண்டியில் ஏற்றினார்கள். நவம்பரில் ஒரு சாவு. பாடை நான்கு பேர் தோளில் பாலத்தின் மேல் போனது, அவர்களுக்கு முழங்கால் நனையவில்லை. பறையடித்த தோழர்கள் பாலத்தின் நடுவில் நின்று கொஞ்ச நேரம் கூடுதலாக அடித்தார்கள்.

இனிச் சொல்ல வருவதுதான் முக்கியமானது.

பாலம் கட்டி நான்கு மாதத்தில் மனுவுக்குப் பதில் வந்தது. பொதுமக்களால் பாலம் அமைக்கப்பட்டுப் பயன்பாட்டில் உள்ளதால் கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது என்று இருந்தது. அதே மாதத்தில் வேறொரு துறையிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. நீர்வழிப் புறம்போக்கில் அனுமதியின்றி அமைக்கப்பட்ட பாலத்தை 15 நாட்களுக்குள் அகற்ற வேண்டும் என்றது அது. ஒரே அரசின் ஓர் அலுவலகத்துக்கு அது பாலம், இன்னோர் அலுவலகத்துக்கு அது ஆக்கிரமிப்பு. பாலம் இருப்பதால் பாலம் தர முடியாது, இருக்கிற பாலத்தையும் வைத்திருக்கக் கூடாது.

ஜனவரியிலேயே வழக்கறிஞர் தோழர் எச்சரித்தது இதைத்தான். அதனால்தான் வேலை தொடங்கும் முன்பே நாங்கள் ஒரு கடிதம் அனுப்பியிருந்தோம். 'உயிர் ஆபத்தைத் தவிர்க்கத் தற்காலிகமாக மரப்பாலம் அமைக்கிறோம். நிரந்தரப் பாலமும் பொதுப்பாதையும் கோரும் எங்கள் மனு நிலுவையில் உள்ளது. இந்தத் தற்காலிக ஏற்பாடு அந்தக் கோரிக்கையைக் கைவிடுவதாகாது.' பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையை வைத்திருந்தோம். பாலத்தின் இரு முனையிலும் இதே வாசகத்தோடு பலகை வைத்திருந்தோம். வந்த இரண்டு கடிதங்களையும் நாங்கள் முன்பு அனுப்பிய கடிதத்தின் நகலையும் ஒரே உறையில் வைத்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பினோம், தெருமக்களோடு நேரிலும் போய்க் கொடுத்தோம். அகற்றும் அறிவிப்பு நிறுத்திவைக்கப்பட்டது. மனு மீண்டும் திறக்கப்பட்டது. ஆட்கள் வந்து அளந்து மதிப்பீடு எடுத்துப் போனார்கள். அந்தக் கடிதம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் 9 நாள் உழைப்பு அந்தத் தெருவின் பல வருடக் கோரிக்கையை மூடுவதற்கான காரணமாகவே ஆகியிருக்கும்.

பாலம் என்பது வேறு, பாதை என்பது வேறு. 2019 ஆகஸ்ட்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். இடுகாட்டுக்குப் போகும் வழி அடைக்கப்பட்டிருந்ததால், இறந்துபோன தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காணொளி பரவிய பிறகு சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அங்கே பாலம் இருந்தது, உறுதியான பாலம். நடந்துபோக வழிதான் இல்லை. எங்கள் வாய்க்காலிலும் கான்கிரீட் பாலம் இருக்கத்தான் செய்தது. ஆகவே 'பாலம் கொடுங்கள்' என்று மட்டும் மனு எழுதாதீர்கள். இருக்கிற பாலத்திலும் தெருவிலும் நடக்கும் உரிமையைச் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் நமக்கென்று தனிப் பாலம், தனிப் பாதை, தனி இடுகாடு கட்டிக்கொடுத்துத் தீண்டாமைக்கு அரசே காசு செலவழிக்கும். எங்கள் மரப்பாலத்துக்கும் அந்த ஆபத்து உண்டு. 'அவங்களுக்குத்தான் தனியா பாலம் இருக்கே' என்று குடியானத் தெருவில் பேசத் தொடங்கிவிட்டார்கள். அதனால் மீண்டும் திறக்கப்பட்ட மனுவில் கிழக்கே உள்ள கான்கிரீட் பாலத்தின் வழியே இறுதி ஊர்வலம் செல்லும் உரிமையையும் தனிக் கோரிக்கையாகச் சேர்த்தோம்.

உரிமை நமக்கு எழுத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 1920களின் நடுவிலேயே, இரட்டைமலை சீனிவாசன், வீரையன் போன்றோர் சென்னைச் சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியால், பொதுச் சாலையில் எந்தச் சாதியாரும் நடக்கலாம் என்று மாகாண அரசு அறிவித்தது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கிணறு, குளம், படித்துறையோடு சாலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல் கொண்டுவந்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, இடுகாடு, நீர்நிலை, சாலை, பாதை ஆகியவற்றை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது 3(1)(இசட்ஏ) பிரிவில் குற்றம். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு 4-ஆவது பிரிவு இருக்கிறது. எழுத்தில் இருப்பது கால் பதிக்கும் இடமாக மாற எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு மகாடு ஒரு கணக்கு தருகிறது. பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிடும் தீர்மானம் பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1923-ல் நிறைவேறியது. மகாடு நகராட்சி 1924-ல் அதை ஏற்றது. குளத்தில் யாரும் இறங்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். வழக்கு நடந்து உயர்நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது 1937-ல். தீர்மானமும் வேண்டியிருந்தது, நடையும் வேண்டியிருந்தது, வழக்கும் வேண்டியிருந்தது. ஒன்றைச் செய்ததால் அம்பேத்கர் மற்றொன்றை விட்டுவிடவில்லை.

ஆகவே தோழர்களே, 'நாமே செய்வதா, அரசிடம் கேட்பதா' என்று கேட்டால், பிணமும் பிள்ளைத்தாய்ச்சியும் தண்ணீரில் போகிற இடத்தில் கட்டிவிடுங்கள். ஆனால் கட்டும் முன் கடிதம் அனுப்புங்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். இன்று வரப்பாகவும் வேலியாகவும் தெரிகிற இடம் பழைய வரைபடத்தில் பாதைப் புறம்போக்காக இருக்கலாம். இருந்தால் நகல் எடுங்கள். பாதை எத்தனை காலமாகப் பயன்பாட்டில் இருந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு, பெயரோடு தேதியோடு எழுதி வாங்குங்கள். தனியார் நிலத்தில் 20 ஆண்டு தடையின்றித் தொடர்ந்து, உரிமையோடு நடந்த பாதைக்கு வசதியுரிமைச் சட்டத்தில் இடமுண்டு. கட்டிய பிறகு பலகை வையுங்கள். செலவுக் கணக்கை ஒட்டுங்கள். 'தாங்களே பாலம் கட்டிய கிராமம்' என்று பாராட்டிச் செய்தி போட யாராவது வந்தால், மனு எண்ணையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். எங்களிடம் வந்த ஒருவர் அதைப் போட மறுத்தார். நாங்கள் பேட்டி கொடுக்க மறுத்தோம்.

பாலம் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது. ஓர் இரவு யாரோ கைப்பிடிக் கழிகள் இரண்டை அறுத்துப் போட்டிருந்தார்கள். புகார் கொடுத்து மனு ரசீது வாங்கினோம், மறுநாளே புதுக் கழி கட்டினார்கள். மேல்தளச் சட்டங்களில் ஆறேழு மாற்ற வேண்டியிருக்கிறது. தண்ணீர் நின்ற பிறகு தையில் மாற்றிவிடுவார்கள். உத்திரங்கள் இன்னும் சில வருடம் தாங்கும் என்கிறார் தச்சு அண்ணன். நிரந்தரப் பாலத்துக்கான மதிப்பீடு மேலிடத்தில் ஒப்புதலுக்காக இருப்பதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்குப் பதில் வந்திருக்கிறது. கான்கிரீட் பாலத்தின் வழியே ஊர்வலம் செல்லும் உரிமை பற்றிய கோரிக்கைக்கு இன்னும் பதில் இல்லை. அதற்கான மேல்முறையீட்டை இந்த வாரம் தெருவின் கல்லூரி மாணவிகள் இருவர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மஞ்சள் பை இப்போது அவர்களிடம் இருக்கிறது.